மூன்று இன்ச் ஆசை

இருபத்தேழு வருடமாகத் தையல் மிஷின் மிதிக்கிறேன். பேன்ட் நீளத்தைக் குறைத்துத் தரச் சொல்லி வந்தவர்கள் எத்தனையோ பேர். வயிறு வைத்துவிட்டது, இடுப்பைக் கொஞ்சம் பிரித்து விடுங்கள் என்று வந்தவர்கள் அதைவிட அதிகம். ஆனால் போன மாதம் ஒரு வாடிக்கையாளர் ஆறு பேன்ட்டுகளைக் கொண்டுவந்து கட்டிங் டேபிளில் போட்டார்.

"அண்ணே, எல்லாத்தையும் மூணு இன்ச் நீளமாக்கிக் குடுங்க."

ஏற இறங்கப் பார்த்தேன். தினேஷ்தான். அப்பா நெய்வேலி நிலக்கரி மைன்ஸில் பெர்மனென்ட். எங்கள் கடைத்தெருவுக்குப் பின்னால்தான் குவார்ட்டர்ஸ். இந்தத் தம்பிக்குப் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தொடங்கி, முதல் வேலைக்கு இன்டர்வியூ போன பேன்ட் வரைக்கும் நான் தைத்ததுதான். இப்போது பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. வயது இருபத்தொன்பது.

இருபத்தொன்பது வயதில் யாராவது வளர்வார்களா?

பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்றால் சரி. ஜூனில் தைத்த பேன்ட் பொங்கலுக்குள் கணுக்காலுக்கு மேலே ஏறிவிடும். அதற்காகவே கீழ் மடிப்பில் இரண்டு இன்ச் துணியை உள்ளே ஒளித்து வைத்துத் தைப்போம். பெரியவர்கள் பேன்ட்டில் ஒன்றரை இன்ச் வைத்தாலே அதிகம். அதில் மூன்று இன்ச்சுக்கு நான் எங்கே போவது?

"எதுக்குத் தம்பி?" என்று கேட்டேன். நான் அதிகம் கேள்வி கேட்கிற ஆள் இல்லை. ஆனால் இதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

தினேஷ் கடைக்குள் வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார். கையில் இருந்த ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தார். (அதை அப்போதுதான் கவனித்தேன். பைக்கில் விழுந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.) பிறகு மெதுவாக நிமிர்ந்து என் முன்னால் நின்றார். 

"என்னைப் பாத்தா ஒண்ணும் தெரியலயா அண்ணே?"

தெரிந்தது! வழக்கமாக இவருக்குச் சட்டை அளவு எடுக்கும்போது தோள்பட்டைக்கு டேப்பைச் சாதாரணமாக வைப்பேன். இப்போது வைத்துப் பார்த்தால் குதிகாலைத் தூக்க வேண்டியிருந்தது.

"ஆபரேஷன் அண்ணே. காலை நீளமாக்குற ஆபரேஷன்."

அடுத்த கால் மணி நேரம் தினேஷ் சொன்னதை நான் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். கால் எலும்பை அறுப்பார்களாம். உள்ளே ஒரு கம்பியைச் செருகுவார்களாம். பிறகு தினமும் ஒரு மில்லிமீட்டர் — ஒரே ஒரு மில்லிமீட்டர் — அந்தக் கம்பியை வெளியிலிருந்தே திருகித் திருகி நீட்டிக்கொண்டே போவார்களாம். நடுவில் விழுகிற இடைவெளியில் எலும்பு தானாக வளர்ந்து நிரப்பிக்கொள்ளுமாம்.

"வலிக்காதா தம்பி?"

"வலியா? அழுதுட்டேன் அண்ணே. தினமும் அழுதேன். ஏழு மாசம் லீவு."

"அப்புறம் எதுக்கு…"

"நாலு பொண்ணு வீட்டுல ஹைட்டைச் சொல்லியே வேணாம்னுட்டாங்க. அதுக்கு அழுததவிட இது கம்மிதான்."

அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்கு என் உயரம் தெரியாது. எழுதுவதில் இது ஒரு பெரிய வசதி. பத்தியின் மேலே போடப் போட்டோ வேண்டும் என்று ஆசிரியர் கேட்டபோதுகூட கழுத்துக்கு மேலே மட்டும் எடுத்து அனுப்பினேன். இன்று சொல்லிவிடுகிறேன். ஐந்தடிக்கு ஒரு இன்ச் குறைவு. பள்ளிக்கூடத்தில் நான் படித்தது ஐந்து வருடம். ஐந்து வருடமும் முதல் வரிசை. படிப்பில் அல்ல — குரூப் போட்டோவில்.

தொழிலுக்கு என் உயரம் இடைஞ்சலே இல்லை. மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் எல்லோரும் ஒரே உயரம். பேன்ட்டுக்கு இன்சைடு லெங்த், அதாவது காலின் உள்பக்க நீளம், எடுக்க மற்ற டெய்லர்கள் குனிய வேண்டும். எனக்குப் பாதி குனிந்தால் போதும்!

இடைஞ்சல் எல்லாம் கடையைப் பூட்டிய பிறகுதான்.

என் மனைவி மலர்க்கொடி. முத்தாண்டிக்குப்பத்துப் பெண். என்னைவிட உயரம். கல்யாணமாகி இருபத்துமூன்று வருடம் ஆகிறது. மகள் நர்சிங் படிக்க ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். நெய்வேலியை ஒட்டிய வடக்குத்து ஊரில் எங்கள் வீடு; அதில் நாங்கள் இரண்டு பேர்தான். மாலையில் மெயின் பஜாருக்குக் காய்கறி வாங்கப் போவோம். எப்படிப் போவோம் தெரியுமா? நான் பத்தடி முன்னால். அவள் பத்தடி பின்னால். நடுவில் ஒரு சைக்கிள், ஒரு ஆடு, இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் தாராளமாகப் புகுந்து போகலாம்.

பக்கத்தில் வருவதில்லை. நான் நின்றால் அவளும் நிற்பாள். என்னோடு சேர்ந்து நடக்க அவளுக்குக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததைக் கேட்டதில்லை. இருபத்துமூன்று வருடமாகக் கேட்கவில்லை. அப்படி ஒரு கூச்ச சுபாவம் எனக்கு.

தினேஷ் போன பிறகு நான் ஒரு கணக்குப் போட்டேன். நான் நாலடி பதினொன்று. மலர்க்கொடி ஐந்தடி இரண்டு. ஊருக்கே அளவு எடுக்கிறவன், மனைவி உயரத்தில் தப்பு விடுவேனா? பக்கத்தில் நிற்கும்போது என் கண்ணாலேயே அளந்து வைத்திருக்கிறேன். வித்தியாசம் மூன்று இன்ச்.

தினேஷ் வளர்ந்தது எத்தனை? மூன்று இன்ச்!

அன்றைக்கு ஒரு சட்டைக்குக் காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, பேன்ட் வாங்க வந்த தினேஷிடம், "தெரிஞ்சவர் ஒருத்தர் கேக்கிறாரு" என்று சொல்லி ஆஸ்பத்திரி நம்பரை வாங்கிக்கொண்டேன். (அந்தப் பேன்ட்டுகளுக்கு அதே கலரில் துணி தேடி ஒட்டுக் கொடுத்து, ஒட்டு தெரியாமல் வெளியே மடிப்பு வைத்துக் கொடுத்திருந்தேன். பழைய மடிப்பு இருந்த இடத்தில் மட்டும் ஒரு கோடு இருக்கத்தான் செய்யும். இஸ்திரிப் பெட்டியால் அதை அழிக்க முடியாது.)

மத்தியானம் கடைத்தெரு அடங்கிய நேரமாகப் பார்த்து, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தார்.

"சொல்லுங்க சார், பேஷன்ட் யாரு?"

"தம்பி," என்றேன். எனக்குத் தம்பியே கிடையாது.

"தம்பிக்கு என்ன வயசு?"

"நாப்பத்தெட்டு." அவசரத்தில் என் வயதைச் சொல்லிவிட்டேன்.

"தம்பிக்கே நாப்பத்தெட்டா? உங்க வயசு சார்?"

"எனக்கு… நாப்பத்தொம்பது."

அந்தப் பக்கம் பேனாவால் எதையோ அடித்து எழுதுகிற சத்தம் கேட்டது. பிறகு, "தம்பி ஸ்மோக் பண்ணுவாரா? சுகர் இருக்கா?" என்று கேட்டார். தம்பியைப் பற்றி எல்லாம் நல்லபடியாகவே சொன்னேன். தங்கமான தம்பி.

"இந்த வயசுல எலும்பு சேர லேட்டாகும். டாக்டர் பாத்துட்டுத்தான் சொல்லுவாங்க. அங்கேயே ரெண்டு காலுக்கும் எக்ஸ்ரே எடுத்துட்டு வரச் சொல்லுங்க. ஆறேழு மாசம் வேலைக்குப் போக முடியாது, பரவாயில்லையா? தம்பி என்ன வேலை பாக்கிறாரு?"

"டெய்லர்."

"அப்ப உக்காந்து பாக்கிற வேலைதான?"

உட்கார்ந்து பார்க்கிற வேலைதான். ஆனால் காலால் மிதிக்கிற வேலை ஆயிற்றே! போனை வைத்துவிட்டு மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தேன். மிதிக்காமல் ஓட்ட ஒரு மோட்டார் மாட்டிக்கொள்ளலாம். வடக்குத்தில் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு காலி மனை இருக்கிறது. அதை விற்றால் ஆபரேஷனுக்கு ஆகும். மலர்க்கொடியிடம் என்ன சொல்வது? அதுதான் தெரியவில்லை. வளர்ந்து வந்து நின்ற பிறகு சொல்லிக்கொள்ளலாமா? ஆறேழு மாதம் படுத்திருப்பதை எப்படி மறைப்பது?

மனுஷனுக்கு ஆசை வந்துவிட்டால் மூளையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுகிறான்.

முதலில் எக்ஸ்ரே. நெய்வேலியில் எடுத்தால் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்கள். மைன்ஸில் முதல் ஷிஃப்ட் முடிவதற்குள் குவார்ட்டர்ஸில் மூன்று பிளாக்குக்குச் செய்தி போய்விடும். அதனால் பண்ருட்டி. அங்கே ஒரு எலும்பு டாக்டர் இருக்கிறார். எக்ஸ்ரேயும் அங்கேயே எடுக்கலாம்.

"லைனிங் துணி தீந்துபோச்சு. பண்ருட்டி போய் வாங்கிக்கினு வரேன்," என்றேன் மலர்க்கொடியிடம்.

"பண்ருட்டிக்கா? இருங்க, நானும் வரேன். முதுகு வலி உயிர் போவுது. அங்க எலும்பு டாக்டரு ஒருத்தரு நல்லாப் பாக்கிறாராம். காட்டிக்கினு வந்துடலாம்."

பாருங்கள்! ஊரில் எத்தனை டாக்டர் இருக்கிறார்கள்… அவளும் அதே டாக்டரைச் சொல்கிறாள்.

அவளுக்கு முதுகு வலி புதிதில்லை. கழுத்துக்குக் கீழே பிடித்துக்கொள்ளும். தைலம் தேய்த்துக்கொள்வாள். நானும், கடையில் உட்கார்ந்து கொக்கி, பட்டன் வைக்கிறாள், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வேறு வழியில்லாமல் இருவரும் பஸ் ஏறினோம். அவளைக் காட்டிவிட்டு, அவள் மருந்து வாங்கப் போகிற நேரத்தில் என் காலைப் பற்றிக் கேட்டுவிடலாம் என்று திட்டம்.

டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். சிரித்த முகம். மலர்க்கொடியைப் பார்த்ததும் கேட்டார்:

"முந்திரி ஒடைக்கிறீங்களாம்மா?"

நாள் முழுக்கக் குனிந்து முந்திரி உடைக்கிற பண்ருட்டிப் பக்கம் ஒரு பெண் முதுகு வலி என்று போனால் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

"அத வுட்டு ஏழு வருசம் ஆச்சுங்க. இப்ப இவரு கடையிலதான். கொக்கி, பட்டன் வைக்கிறது."

எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னார். எடுத்து வந்தோம். வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்.

"எலும்புல ஒண்ணுமே இல்லியே. எழுந்து நில்லுங்கம்மா. நேரா நில்லுங்க."

"நேராத்தான் டாக்டர் நிக்கிறேன்."

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. டாக்டர் முன்னால் போன் பேச எனக்குக் கூச்சம். வெளியே போனேன். ஒரு வாடிக்கையாளர் சட்டை ஆகிவிட்டதா என்று கேட்டார். நாளைக்கு என்றேன். (டெய்லர்கள் வேறு என்ன சொல்வார்கள்?) திரும்ப உள்ளே வந்தால் டாக்டர் மலர்க்கொடியை ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. திரும்ப ஒரு தடவை வெளிய போங்க."

போனேன். அது ஸ்பிரிங் வைத்த அரைக்கதவு. மற்றவர்கள் என்றால் மேலே எட்டிப் பார்க்கலாம். எனக்குக் கீழே மலர்க்கொடியின் பாதம் மட்டும்தான் தெரிந்தது.

"இப்ப உள்ள வாங்க சார்."

வந்தேன்.

"மறுபடி வெளிய."

பெஞ்சில் காத்திருந்த ஒரு கிழவர், "இன்னாய்யா, டாக்டரு உனக்குப் பரேடு வுடறாரா?" என்றார். பக்கத்திலிருந்த அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். எனக்கு வியர்த்துவிட்டது.

மூன்றாவது முறை உள்ளே கூப்பிட்டார் டாக்டர். சுவரில் உயரம் பார்க்கிற அளவுகோல் ஒட்டியிருந்தது. மலர்க்கொடி அதன் அருகே நின்றிருந்தாள். நான் உள்ளே காலை வைத்ததும்… நானே பார்த்தேன். தோள் இரண்டும் முன்னால் வந்தன. கழுத்து கொஞ்சம் தொங்கியது. முழங்கால்கூட லேசாக மடங்கியது. காற்று இறங்குகிற டியூப் போல அவள் கீழே போனாள்.

அவளுக்கே அது தெரியவில்லை.

"கண்டுபிடிச்சிட்டேன்," என்றார் டாக்டர். "நீங்க வெளிய போனா நிமிந்துடறாங்க. உள்ள வந்தா குனிஞ்சிடறாங்க. இந்த வியாதிக்கு நான் என்ன மாத்திரை எழுத?"

சுவரைக் காட்டினார். "நிமிந்து நிக்கும்போது அஞ்சடி நாலு இன்ச். நீங்க வந்தா அஞ்சடி ரெண்டு."

எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஐயோ, ரெண்டு இன்ச் பாக்கி இருக்கிறதே என்றுதான் தோன்றியது! எலும்பை அறுத்து, மனையை விற்று, ஏழு மாதம் படுத்து மூன்று இன்ச் வளர்ந்தாலும் எட்டாது போலிருக்கிறதே!

இரண்டாவதாகத்தான் மற்றது உறைத்தது.

டாக்டர் கழுத்துக்குச் சில பயிற்சிகள் சொல்லிக் கொடுத்தார். "உங்களுக்கு எதாவது பாக்கணுமா சார்?" என்று என்னையும் கேட்டார். இரண்டு நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்த வரிகளை எல்லாம் அப்படியே மடித்து வைத்துவிட்டேன்.

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க," என்றேன்.

பஸ் ஸ்டாண்டில் பெஞ்சில் உட்கார்ந்தோம். சுற்றிலும் பலாப்பழ வாசனை. வடக்குத்து பஸ் இன்னும் வரவில்லை. நான்தான் ஆரம்பித்தேன். இருபத்துமூன்று வருடத்தில் நான் ஆரம்பித்த பேச்சுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

"எதுக்கு மலரு அப்படிக் குனியற?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கிண்டல் செய்கிறேனா என்று பார்த்தாள் போலிருக்கிறது.

"நீங்கதான சொன்னீங்க?"

"நானா? எப்ப?"

"கண்ணாலம் ஆன புதுசுல. இதே பஸ் ஸ்டாண்டுலதான். எங்க அம்மா வூட்டுக்குப் போய்ட்டு வந்துக்கினு இருந்தோம். ஒரு தடியன், 'இன்னாப்பா, பொண்டாட்டிகிட்டப் பேச ஏணி வச்சிருக்கியா'ன்னு கேட்டான். எல்லாரும் சிரிச்சாங்க. நீங்க மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு, 'கொஞ்சம் குனிஞ்சு நடயேன்'னு சொன்னீங்க."

எனக்கு ஞாபகமே இல்லை. தடியன் இல்லை, சிரிப்பு இல்லை, ஒன்றுமே இல்லை. ஆனால் சொல்லியிருப்பேன். அன்றைய என்னை எனக்குத் தெரியும்.

"அது அன்னிக்கு ஒரு நாளைக்குத்தான சொல்லியிருப்பேன்?"

"போதும்னு நீங்க சொல்லவே இல்லியே."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கறிவேப்பிலை வாங்க மறந்துவிட்டீர்களே என்பது போலச் சொன்னாள். அதிகம் பேசாத ஆளைக் கட்டிக்கொண்டால் இதுதான் கஷ்டம். எப்போதாவது வாயைத் திறந்து சொல்கிற ஒரு சொல்லைச் சட்டமாக எடுத்துக்கொண்டுவிடுகிறார்கள்.

"அப்ப எனக்குப் பின்னாடி பத்தடி தள்ளி வர்றது?"

"பக்கத்துல வந்தா ரொம்பக் குனியணும். தள்ளி வந்தா கொஞ்சம் குனிஞ்சா போதும். முதுகு தாங்கும்."

இதற்குப் பிறகும் நான் மறைக்க முடியுமா? எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தினேஷ், கம்பி, மில்லிமீட்டர், இல்லாத தம்பி, காலி மனை… எல்லாம்.

மலர்க்கொடி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"காலை அறுத்துக்கினு ஆறு மாசம் படுத்துக் கெடந்தா, உங்களத் தூக்கி உக்கார வைக்கிறது ஆரு?"

"நீதான்…"

"குனிஞ்சு குனிஞ்சுதான தூக்கணும்? அப்ப என் முதுகு இன்னாத்துக்கு ஆவும்?"

சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். பக்கத்தில் பலாப்பழம் விற்ற பெண்ணும், என்ன விஷயம் என்று தெரியாமலேயே எங்களோடு சேர்ந்து சிரித்தார்.

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்த பிறகு, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே மலர்க்கொடி கேட்டாள்:

"நான் நிமிந்து நடந்தா உங்களுக்கு ஒண்ணும் இல்லியே?"

ஒன்றுமில்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பயமாக இருந்தது. ஐந்தடி நாலு இன்ச் பக்கத்தில் நான் எப்படி இருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். பஸ் சத்தத்தில் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன். அவளும் திரும்பக் கேட்கவில்லை.

இந்தக் காரியத்துக்காக என்னை நீங்கள் திட்டலாம். தகும்.

மறுநாள் காலையில் கடையைத் திறந்ததும் என் அளவு நோட்டுகளை எடுத்தேன். நான் ஜென்ட்ஸ் டெய்லர். ஊரில் நான் ரவிக்கை தைத்துக் கொடுக்கிற ஒரே பெண் என் மனைவிதான். ஒவ்வொரு தீபாவளிக்கும் அளவெடுத்து எழுதி வைத்திருக்கிறேன். பழைய நோட்டிலிருந்து வரிசையாகப் புரட்டினேன்.

ரவிக்கையில் முன் பக்கத்து உயரம் அப்படியே இருக்கிறது. பின் பக்கத்து உயரம்? முதல் வருடம் பதின்மூன்றரை. நாலு வருடம் கழித்துப் பதின்மூன்றே முக்கால். பிறகு பதினாலு. போன தீபாவளிக்குப் பதினாலே கால்.

முதுகு வளைந்தால் பின் பக்கத்தில் துணி அதிகம் வேண்டும். இல்லையென்றால் மேலே இழுத்துக்கொள்ளும். கொஞ்ச நாள் தொழில் கற்றவனுக்குக்கூட இது தெரியும். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த மாஸ்டர், 'உடம்புல குறை இருந்தா கேக்காதே, துணியில சரி பண்ணு' என்பார். ஒரு தோள் இறங்கியிருந்தால் உள்ளே பஞ்சு வைப்போம். வயிறு தொங்கினால் முன்னால் அரை இன்ச் கூட்டி வெட்டுவோம். வாடிக்கையாளருக்கே தெரியாது. நல்ல டெய்லர் என்று பேர் எடுப்போம்.

அப்படித்தான் நானும் நல்ல டெய்லராக இருந்திருக்கிறேன். கால் இன்ச், கால் இன்ச்சாக அவள் வளைய வளைய, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல், துணியைக் கூட்டிக் கூட்டி வெட்டிக் கொடுத்திருக்கிறேன். இழுக்கவில்லையே, பிடிக்கவில்லையே என்று பெருமைவேறு!

தினேஷுக்கு வெளியே நின்று கம்பியைத் திருகினார்கள். இங்கே நான் வீட்டுக்குள் இருந்துகொண்டு எதிர்ப்பக்கமாகத் திருகியிருக்கிறேன்.

தினேஷைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்தத் தம்பி நிம்மதியாக இருக்கிறார். நடை கொஞ்சம் தயங்கினாலும் முகம் தயங்கவில்லை. வலி பட்டவர் அவர், கால் அவருடையது. எனக்குப் பிடிபட்டது வேறு. உயரம் என்பதை நாம் சுவரில் ஒட்டிய அளவுகோல் என்று நினைக்கிறோம். பக்கத்தில் நிற்பவர்கள் எத்தனை பேர் நமக்காகக் குனிந்து நிற்கிறார்கள் என்று யார் பார்க்கிறோம்?

ஆபீஸில், வீட்டில், கல்யாண மண்டபத்தில்… நான் பெரிய ஆள் என்று நிற்கிறவர்களைக் கொஞ்சம் வெளியே போய்விட்டு வரச் சொல்லிப் பாருங்கள். உள்ளே இருக்கிறவர்கள் எத்தனை இன்ச் வளர்கிறார்கள் என்று தெரியும்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

மலர்க்கொடி பஸ்ஸில் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் சொல்ல முயற்சி செய்தேன். சாப்பிடும்போது சொல்லலாம் என்று வாயைத் திறப்பேன், 'ரசம்' என்பேன். எனக்கு வாய் வராது. கைதான் வரும்.

மகள் அவளுக்கு வாங்கிக் கொடுத்திருந்த நீலப் புடவைக்கு ரவிக்கைத் துணி வெட்டாமல் இருந்தது. எடுத்து விரித்தேன். சாக்பீஸால் கோடு போட்டேன். பின் உயரம் — பதின்மூன்றரை. முதல் வருடத்து அளவு. கத்திரியை வைப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் யோசித்தேன். வெட்டிவிட்டால் அவ்வளவுதான். திரும்ப ஒட்ட முடியாது.

வெட்டினேன்.

மாலையில் போட்டுப் பார்த்தாள். கண்ணாடி முன்னால் நின்று தோளை அசைத்தாள்.

"இன்னாங்க, அளவு மாறிப்போச்சா? முதுகுல இழுக்குதே."

"குனிஞ்சா இழுக்கும்," என்றேன். "நிமிந்தா இழுக்காது."

கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். பிறகு தோளைப் பின்னால் கொண்டுபோனாள். கழுத்தை நிமிர்த்தினாள். ரவிக்கை தண்ணீர் போல முதுகில் படிந்தது. ஒரு சுருக்கம் இல்லை. இருபத்தேழு வருடத் தொழிலில் இப்படி ஒரு ஃபிட்டிங் எனக்கு அமைந்ததில்லை.

"நெசமாத்தான் சொல்றீங்களா?"

"நெசமாத்தான்."

அன்றைக்குப் பஜாருக்குப் போனோம். பத்தடி தள்ளி இல்லை, பக்கத்தில். முதல் நூறடி அவளுக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம். பழக்கத்தில் அவள் இரண்டு மூன்று முறை குனிந்தாள். ரவிக்கை இழுத்தது. நிமிர்ந்துகொண்டாள். காய்கறிக்கடைக்காரர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். "இன்னா டெய்லரு, அண்ணி திடீர்னு வளந்துட்டாங்க?" என்று கேட்டார்.

வழக்கமாக நான் தலையைக் குனிந்துகொண்டு வெண்டைக்காயை ஒடித்துப் பார்ப்பேன். அன்றைக்கு என்னவோ தெரியவில்லை.

"ஆமாங்க," என்றேன். "முன்னாடியே வளந்தவங்கதான். நான்தான் கவனிக்கல."

ஆஸ்பத்திரியிலிருந்து அந்தப் பெண் ஒருமுறை போன் செய்து, எக்ஸ்ரே எடுத்தாகிவிட்டதா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காலி மனையில் மலர்க்கொடி கீரை விதைத்திருக்கிறாள். முதுகு வலி முழுவதும் போய்விடவில்லை. டாக்டர் சொல்லிக்கொடுத்த பயிற்சியைத் தினமும் செய்கிறாள். கொஞ்சம் கொஞ்சமாகத் தைலம் குறைகிறது.

எனக்குத்தான் ஒரு புதுத் தொந்தரவு. பக்கத்தில் நடந்துகொண்டே அவள் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்றால் நான் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது. இப்போதெல்லாம் அவள் நிறையப் பேசுகிறாள். பஜாருக்குப் போய் வருவதற்குள் எனக்குக் கழுத்து வலி வந்துவிடுகிறது.

இதற்கு மட்டும் டாக்டரைப் பார்ப்பதாக இல்லை.